கலாமணி கோவிச்சா கை சேரும்

வாங்க, உக்காருங்க. சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க. எனக்குக் காத்து வேண்டாம், நான் ஏற்கனவே பறந்துட்டுத்தான் இருக்கறேன். தனியாச் சிரிக்கறானேன்னு பாக்காதீங்க. குடிச்செல்லாம் இல்லீங்க, நமக்கு அந்தப் பழக்கமே கெடையாது. பேரு சென்னியப்பனுங்க. உடுமலைல எடைமேடை வெச்சிருக்கறேன். லாரி வந்து மேல நிக்கும், நான் எடை பாத்து ரசீது குடுப்பேன். தேங்கா, மக்காச்சோளம், கோழித்தீவனம், எல்லா லோடும் நம்மகிட்டத்தான் வரும். இருவது வருசத்துல ஒரு கிலோ அப்படி இப்படி ஆனதில்லீங்க. எதுன்னாலும் அளந்து பாத்துத்தான் நம்புவேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, இனி நான் சொல்றதைக் கேட்டுட்டு நீங்க என்னைக் கிறுக்கன்னு நெனச்சறக்கூடாது, அதுக்குத்தான்.

இப்ப ஊட்டுக்காரியைக் கூட்டிட்டு வரப் போறனுங்க. கலாமணின்னு பேரு. தாராபுரம் ரோட்டுல பொறந்த ஊடு. போயி நாலு நாளாச்சு. கோவிச்சுட்டுப் போயிட்டாளான்னு கேப்பீங்க. கோவிச்சிருந்தா நான் ஏனுங்க போக உடறேன்? கோவமே படாமப் போயிட்டா, அதுதானுங்க பிரச்சனை.

நேத்து சாயங்காலம் போன் பண்ணுனா. "நாளைக்குப் பன்னண்டு மணிக்குள்ள நீங்களே நேர்ல வந்து கூப்பிட்டா வர்றேன். பன்னண்டுக்கு எங்கண்ணன் காருல திருப்பூர் போறேன்"னு சொன்னா. பனியன் கம்பெனில வேலை பேசியாச்சாம், ஆஸ்டல்ல எடமும் பாத்தாச்சாம். அப்படிப் போயிட்டா அப்பறம் வரமாட்டாளுங்க. இருபத்திரண்டு வருசம் ஒட்டுக்காக் குடித்தனம் பண்ணியிருக்கறேன், எனக்குத் தெரியாதா? அவ இல்லாத நாலு நாளும் எடைமேடை பூட்டிக் கெடக்குது. நானும் பன்னைத் தின்னுட்டு ஊட்டுக்கும் வாசலுக்கும் நடந்துட்டு இருக்கறேன். எடைமேடைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்னா, நான் பதினோரு மணிக்குக் கெளம்பிட்டா அவதான் வந்து உக்காருவா. சும்மா உக்காந்திருக்கற சோலிதான், மேல ஃபேன் இருக்குது.

பதினோரு மணிக்கு எங்க கெளம்புவேன்னா, மன்றத்துக்குங்க. மனமகிழ் மன்றம். நம்ம பஸ் போற வழிலதான், நால்ரோட்டுல மாடில இருக்குது. உள்ளூர்லயே வேற மன்றம் இருக்குது, ஆனா அங்க போனா லாரிக்காரனெல்லாம் பாப்பான், மருவாதி கெட்டுப்போகும். நால்ரோட்டுல ஆறு பேரு ஒரு மேசை, பதிமூணு சீட்டு ரம்மி. சாயங்காலம் நாலு மணி வரைக்கும். தோத்தவன் எந்திரிக்க மாட்டான், அடுத்த கை அவனுதுன்னு நெனப்பான். ஜெயிச்சவனும் எந்திரிக்க மாட்டான், அடுத்த கையும் அவனுதுன்னு நெனப்பான். வாட்ச்மேன் வந்து ஃபேனை நிறுத்தறப்பத்தான் எல்லாத்துக்கும் ஊடு வாசல் நெனப்பு வரும்.

பங்குனி பூராவும் எனக்குச் செமத்தியான தோல்விங்க. அதென்னமோ சீட்டுக்கு நம்ம மேல பகை வந்த மாதிரி. கைல பன்னண்டு சீட்டு சேந்திருக்கும், ஒரு ஏழு க்ளாவருக்குக் காத்துட்டு இருப்பேன். அந்த ஏழு க்ளாவரு ஊரெல்லாம் போகும், எங்கிட்ட மட்டும் வராது. தோக்கத் தோக்க மனுசனுக்கு ஒரு ரோசம் வருமுங்க. இத்தன தோத்தாச்சு, இனி நமக்கு வந்துதான ஆகோணும், எங்க போயிரும்னு. நம்ம எடைமேடைல காலி வண்டி ஏறுனா லோடு வண்டியும் ஒரு நாள் ஏறித்தான ஆகோணும், அந்தக் கணக்கு. தப்பான கணக்குன்னு சொல்றீங்களா? இருங்க, முழுசாக் கேளுங்க.

சித்திரை பொறந்து ஒரு செவ்வாக்கெழமை. காலைல கலாமணி இட்லி வெச்சா. நான் ஏதோ எரிச்சல்ல, உங்கண்ணன் பையன் கலியாணத்துல பந்தில எனக்கு முன்னால சம்பந்தி ஊட்டாளுக்கு எலை போட்டானே, அது என்ன மொறைன்னு கேட்டுப்போட்டேன். அந்தக் கலியாணம் நடந்து மூணு வருசமாச்சு. கலாமணி சட்டுவத்தை ணங்குனு வெச்சா. எங்கண்ணன் உங்களைக் கைகூப்பிக் கூப்பிட்டாரு, நீங்கதான் கார்கிட்ட நின்னு பழமை பேசிட்டிருந்தீங்கன்னா. நான் ஒண்ணு சொல்ல அவ ஒண்ணு சொல்ல, இட்லி அப்படியே கெடக்க வெறும் வயித்தோட கெளம்பிட்டேன். அன்னைக்கு மன்றத்துல பதினோரு கைல எட்டுக் கை எனக்குங்க. எட்டு.

அடுத்த நாள் அவளே சமாதானமாயி பணியாரம் சுட்டா. நல்லாச் சாப்பிட்டேன், சிரிச்சுப் பேசிட்டுக் கெளம்புனேன். ஒரு கை சேரலீங்க. மூணாம் நாள் கேஸ் சிலிண்டரை எவன் மாட்டறதுன்னு ஒரு சண்டை. ஜெயிச்சேன். நாலாம் நாள் வெள்ளிக்கெழமை, சாமி கும்பிட்டு நெத்தில துண்ணூறு வெச்சு உட்டா. தோத்தேன். அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. நான் எடைக்காரனில்லீங்களா, சும்மா நம்புவனா? இன்னும் ரெண்டு நாளு சண்டை போட்டுப் பாத்தேன், ரெண்டு நாளு போடாமப் பாத்தேன். துல்லியமுங்க. கலாமணி கோவிச்சா கை சேருது. கோவிக்கலீன்னா சேரலை.

அதுக்கப்பறம் நான் இருந்த இருப்பு இருக்குதே. காலைல எந்திரிக்கறப்பவே இன்னைக்கு என்ன சண்டைன்னு ரோசனை. டீ ஆறிப்போச்சுன்னு கத்தறதுக்காக, டீயை வெச்சுட்டு பத்து நிமிசம் ஒளிஞ்சு நின்னிருக்கறேன். வேட்டில கறை இருக்குதுன்னு சொல்றதுக்காக நானே சாம்பாரைத் தொட்டு வெச்சிருக்கறேன். நான் மட்டும் கத்துனாப் பத்தாதுங்க, அதையும் கண்டுபுடிச்சேன். அவ பதிலுக்குப் பதில் குடுக்கோணும். மூஞ்சி செவக்கோணும். கண்ணுல தண்ணி வந்துட்டா அன்னைக்கு ஜோக்கர் ரெண்டுக்குக் கொறையாது. எல்லாத்துக்கும் மேல அவங்கண்ணனுங்க. அவங்கண்ணனை இழுத்தா போதும், கண்டிப்பா வேலை செய்யும். ஆனா அதைத் தெனமும் பண்ணப்படாது, மழுங்கிப்போகும்னு வாரத்துக்கு ரெண்டு தடவையோட நிறுத்திக்குவேன்.

பத்தொம்பது நாளுங்க. பத்தொம்பது நாளும் ஜெயிப்பு. உங்களுக்கு அப்படி ஒரு நாளாச்சும் இருந்திருக்குதுங்களா? சீட்டை எடுக்கறதுக்கு முன்னாலயே என்ன வருதுன்னு தெரியும். ராணி வேணும்னு நெனச்சா ராணி வந்து கைல உக்காருவா. நடந்தாக் கால் தரைல பாவாது. மாடிப்படி ஏறுனா இருவத்தஞ்சு படியும் அஞ்சு படியாட்டம் இருக்கும். டீக்கடைக்காரனைப் பாத்தாச் சொந்தத் தம்பி மாதிரி தோணும். தோத்தவனைப் பாத்தா அய்யோ பாவம், இவனுக்குக் கொஞ்சம் புத்தி இருந்திருந்தாத் தேவலையேன்னு இருக்கும். என் சேருக்குப் பின்னால நாலு பேரு நின்னு வேடிக்கை பாத்தாங்க. எனக்கு என் மேலயே ஒரு மருவாதி வந்துருச்சுங்க, பொய் சொல்லப்படாது.

அவளுக்கு நான் ஒண்ணும் கொறை வெக்கலீங்க. ஜெயிச்ச காசுல சேலை எடுத்தேன், மிக்ஸி வாங்குனேன், ஒரு நாளு மோதிரம். எல்லாம் சாயங்காலம் வந்துதான் குடுப்பேன், காலைல குடுத்தாச் சந்தோசப்பட்டுருவா. சாயங்காலம் மல்லிப்பூவோட வந்து அவ பக்கத்துல உக்காந்து எடை பாப்பேன். பாவம், அவ கொழம்பிப் போயிட்டா. காலைல எரிஞ்சு உழுகற மனுசன் சாயங்காலம் இப்படி உருகறானேன்னு. ஒரு நாள் வெறும் வயித்தோட என்னை டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனா. காலைல சக்கரை கொறைஞ்சு அதனால கத்தறேன்னு நெனச்சுட்டாளுங்க. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. வெளிய வந்து, "சக்கரை இருந்திருந்தாக்கூட மாத்தர குடுத்திருப்பாங்களே"ன்னு சொல்லி அழுதா. அன்னைக்குக் கை எப்படி ஓடுச்சுங்கறீங்க.

இங்கதான் நான் ஒரு தப்புப் பண்ணுனேன். என் வாழ்க்கைல பண்ணுன ஒரே தப்பு. ஜெயிக்கறவனுக்கு வாய் சும்மா இருக்காதுங்க. எம் மேசைல தண்டபாணியண்ணன்னு ஒருத்தரு, உரக்கடைக்காரரு, ரெண்டு மாசமாத் தோத்துட்டே இருந்தாரு. எப்படீப்பா, எப்படீப்பான்னு தெனமும் கேட்டாரு. எரக்கப்பட்டு ரகசியத்தைச் சொல்லிப்போட்டேன். அந்த மனுசன் அடுத்த நாள் காலைல போயி அவரு சம்சாரத்தை, உங்கொப்பன் சீரே ஒழுங்காச் செய்யலைன்னு ஆரம்பிச்சிருக்காரு. அந்தம்மா கதவைத் தாப்பா போட்டு, ரெண்டு நாளு ஊட்டுக்குள்ளயே உடலை. இவரு கடை மூட்டை மேலயே படுத்துக் கெடந்துட்டு, கடைசில கதவுக்கு வெளிய நின்னு எல்லாத்தையும் ஒப்பிச்சுப்போட்டாரு. மன்றம், ராசி, சென்னியப்பன் சொல்லிக்குடுத்தது, அத்தனையும். அந்தம்மா கலாமணிக்குப் போனைப் போட்டுருச்சு.

கலாமணி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்க. அடுத்த நாள் காலைல டீ குடுத்தா. நான் வழக்கம்போல, என்ன டீ இதுன்னேன். சரிங்க, வேற போட்டுத் தர்றேன்னா. எனக்குத் திக்குனுச்சு. சட்டை தேய்க்கலைன்னேன், அவளே வாங்கித் தேய்ச்சுக் குடுத்தா. வேற வழியில்லாம அவங்கண்ணனை இழுத்தேன், பந்தி, எலை, எல்லாத்தையும். "ஆமாங்க, எங்கண்ணன் பண்ணுனது தப்புதானுங்க"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்பைப் பாத்தப்பவே தெரியுமுங்க, அன்னைக்கு ஒரு கை கூடச் சேராதுன்னு.

சேரலை. பதிமூணு நாளு சேரலை. சம்பாரிச்சதெல்லாம் போச்சு, மோதிரத்தையே அடகு வெக்கறதுக்குக் கேட்டு வாங்கிட்டுப் போனேன், அதையும் சிரிச்சுட்டே கழட்டிக் குடுத்தா. நான் என்ன பண்ணுனாலும் கம்முன்னு இருந்தா. தட்டைத் தூக்கி எறிஞ்சேன், பொறுக்கி வெச்சா. மன்றத்துல எம் பின்னால நின்ன நாலு பேரும் வேற சேருக்குப் பின்னால போயிட்டாங்க. ஜெயிக்கறப்ப அஞ்சு படியா இருந்தது, தோக்கறப்ப அம்பது படி ஆயிருச்சு. டீக்கடைக்காரன் டீல தண்ணி ஊத்தறானோன்னு சந்தேகம். எதுத்தாப்ல உக்காந்திருக்கறவன் இருமுனாக்கூட எனக்காகத்தான் இருமறான்னு தோணும்.

போன ஞாயித்துக்கெழமை முடியாமப் போச்சுங்க. அவ காலடில உக்காந்து கேட்டுட்டேன். கலாமணி, ஒரே ஒரு தடவை என்னைத் திட்டு, நாலு வார்த்தை, வாயில வந்ததைத் திட்டு, நம்ம குடும்பத்துக்காகத்தான் கேக்கறேன்னு. அவ அரிசி பொடைச்சுட்டு இருந்தா. மொறத்தைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தா.

"ஏனுங்க, நான் பத்தொம்பது நாளு என்ன தப்புப் பண்ணுனேன்னு தெரியாம அழுதனே, அது உங்களுக்குச் சீட்டாத்தான் தெரிஞ்சுதா? எனக்குன்னு ஒரு கோவம் கூட மிச்சம் வெக்க மாட்டீங்களா?"

அப்படிக் கேட்டாளுங்க. சத்தமே இல்லாம. எனக்கு ஒரு சந்தேகம், இது சண்டைல சேத்தியா இல்லையா? மூஞ்சி செவக்கலை. கொரலு ஒசரலை. ஆனா வார்த்தை கனமான வார்த்தைதான், இல்லீங்களா? சரி, போட்டுப் பாத்தாத்தான தெரியும்னு மன்றத்துக்குப் போனேன். போனா மூணு கைலயும் தோத்தேன். அதனால அது சண்டை இல்லைன்னு முடிவாயிருச்சு. திரும்பி வந்து பாத்தா அவ துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போயிட்டா. எடைமேடைச் சாவியை மேசை மேல வெச்சிருந்தா.

இந்த நாலு நாள்ல நான் நல்லா ரோசிச்சுட்டனுங்க. சீட்டும் வேண்டாம், மன்றமும் வேண்டாம். நாலு நாளா அந்தப் பக்கமே போகலை, சத்தியமா. போயும் பிரயோசனம் இல்லை, அவ ஊட்டுல இல்லீல்ல. ஆனா மனசார வேண்டாம்னுதான் உட்டேன். அவளில்லாம எனக்கு ஆகாதுங்க. ஊட்டுல ஒருத்தி இருமுற சத்தம், பாத்திரம் வெக்கற சத்தம், அதெல்லாம் இல்லாம எப்படி இருக்கறதுன்னே தெரியலை. நேர்ல போயி, அவங்கண்ணன் முன்னாலயே, நான் பண்ணுனது தப்புன்னு சொல்லப் போறேன். காலைல அதைச் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு இருந்ததுல ஒம்பது மணி பஸ்ஸை உட்டுட்டேன். இருந்தாலும் இந்த பஸ் பதினொண்ணரைக்குப் போயிரும். நேரமிருக்குது. அதனாலதான் இத்தன சந்தோசம், தனியாச் சிரிச்சுட்டு வந்தது.

சித்த இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு கலாமணி. பஸ்லதான் வந்துட்டிருக்கறேன். ஆமா, அந்த பஸ்ஸை உட்டுட்டேன். இல்ல, அது வந்து... இல்ல கலாமணி... ஆமா... சரி... அன்னைக்கு லாரி மறிச்சுப்போச்சு, அதுதான்... இன்னும் இல்ல, பன்னுதான். ஹலோ. ஹலோ.

வெச்சுட்டாளுங்க. அப்பா. கேட்டுதுங்களா? போனுக்கு வெளிய வரைக்கும் கேட்டிருக்குமே. என்ன திட்டு. காலைல இருந்து வாசல்ல நின்னு ரோட்டையே பாத்துட்டு இருக்கறாளாம். ஒரு பஸ்ஸை நேரத்துக்குப் புடிக்கத் தெரியாதவனுக்கு எல்லாம் எதுக்குப் பொண்டாட்டின்னு கேக்கறா. எங்கப்பன் செத்தப்பவே எடுத்ததுக்கப்பறம்தான வந்தீங்கன்னு கேக்கறா. எங்கண்ணன் முன்னால, எம் புருசன் வருவாருன்னு சொல்லிட்டு நான் தலை குனிஞ்சு நிக்கறதான்னு கேட்டு, கேட்டு, அழுதுட்டே, சாப்பிட்டுத் தொலைச்சீங்களா இல்லையான்னு கடைசியா ஒரு கத்து கத்திட்டு வெச்சுட்டா.

எங் கண்ணுல தண்ணி பாருங்க. பதினாறு பதினேழு நாளைக்கப்பறம் இதைக் கேக்கறனுங்க. என் கலாமணி எனக்குத் திரும்பக் கெடச்சுட்டா. அவளுக்கு எம் மேல பாசம் போகலை, போயிருந்தா இப்படித் திட்டுவாளா? சிரிச்சுட்டு இருந்தப்பத்தான் பயமா இருந்துச்சு.

இத்தன பெரிய சண்டை எங்களுக்குள்ள வந்ததே இல்லீங்க. எலைக்காக வந்த சண்டைக்கு எட்டுக் கை. அது இதுல கால்வாசி கூட வராது. நானா மூட்டி உடலை பாருங்க, தானா வந்தது. சுத்தமான சண்டை.

இது எந்த ஊருங்க, நால்ரோட்டுக்குப் பக்கத்துல வந்துட்டமா? அந்தா பாருங்க, மஞ்சக் கட்டடம், மாடில பச்சை சன்னல் தெரியுதுங்களா. ஃபேன் சுத்துது, ஆளு வந்துட்டாங்க.

மணி பத்து அம்பதுங்க. இங்கிருந்து அவ ஊரு அரை மணி நேரம். பதினொண்ணேகாலுக்கு அடுத்த பஸ் வருது, அது முக்காலுக்குப் போயிரும். பதினொண்ணே முக்கால்னா பன்னண்டுக்கு முன்னாலதான? அப்பறம் கால் மணி நேரம் மிச்சம் இருக்குது. நான் நேராப் போனா என்னாகும்? என்னைப் பாத்ததும் அவ கோவம் ஆறிரும். தண்ணி குடுப்பா, எலை போடுவா. எல்லாம் வீணாப் போகும். சூடா இருக்கறப்பவே ரெண்டு கை, ரெண்டே கை. மோதிரத்தைத் திருப்பற அளவுக்கு மட்டும். அவளுக்குத்தானுங்க, எனக்கா? வெறுங்கையோட போயி நிக்கறதுக்கு மோதிரத்தோட போனா அவங்கண்ணன் முன்னால அவளுக்குத்தான பெருமை.

நீங்க எங்க எறங்கறீங்க? இத்தன நேரம் கேக்கவே இல்ல பாருங்க. அட, அதே ஊரா? பாத்தீங்களா, நேரம் திரும்பிருச்சுங்க. எல்லாம் கூடி வருது.

அப்படின்னா ஒரு உதவி பண்ணுங்க. பஸ் நிக்கற எடத்துலயே ரெண்டாவது ஊடு, வேப்பமரம் இருக்கும், வாசல்லயே நின்னுட்டிருப்பா. சென்னியப்பன் அடுத்த பஸ்ஸுல வர்றான்னு சொல்லீருங்க. எங்க எறங்குனாருன்னு கேட்டா மறைக்க வேண்டாம், நால்ரோடுன்னே சொல்லுங்க, அவளுக்குப் புரியும். கத்துவா. வாயில வந்ததெல்லாம் பேசுவா. பேசட்டும், நீங்க பாட்டுக்கு நின்னு கேளுங்க, சமாதானம் மட்டும் பண்ணிப்போடாதீங்க. நான் அந்நேரம் சீட்டெடுத்து உக்காந்திருப்பேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கண்டக்டரே, நால்ரோட்டுல நிறுத்துங்க, எறங்கோணும்.